மாவு அரைக்கப் போகும் தோழிகளுக்கு

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,

குழுச் சேமிப்பை எடுத்தோ, குழுக்கடன் வாங்கியோ, காதுத் தோட்டை அடகு வைத்தோ, இந்த வருடம் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கியே தீருவது என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். என்ன தொழில் என்று கேட்டால் உங்களில் நிறையப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: இட்லி மாவு. ஆகவே இந்த மடலையும் மாவை வைத்தே எழுதுகிறேன். தையல் மிஷின் போடப் போகிறவர்களும் முறுக்கு சுடப் போகிறவர்களும் என் கணக்கில் அரிசி, உளுந்து என்று வரும் இடத்தில் துணியையும் எண்ணெயையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள் நான். என்னைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, “அக்கா, எவ்வளவு பணம் இருந்தா ஆரம்பிக்கலாம்?” என்பதைத்தான். அதற்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. திருப்பிக் கேட்பேன்: “இன்னைக்குப் போடுற ரூபா எத்தனை நாள்ல உன் கைக்குத் திரும்பி வரும்?” கேட்ட தொகைக்குப் பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் சின்ன முதலில் தொழில் செய்பவளுக்கு இந்த ஒரு கேள்விதான் உயிர். கடைத்தெருக்காரர்கள் இதை ரொட்டேஷன் என்பார்கள். காசு சுற்றிக்கொண்டே இருந்தால் ஐயாயிரம் ரூபாயில் மாதம் முழுக்கத் தொழில் ஓடும். முடங்கிவிட்டால் ஐந்து லட்சம் போட்டும் அரிசி வாங்கக் காசிருக்காது.

உங்களுக்கு இது புதிதே அல்ல. 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்து, 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கியபோது, அவற்றுக்கு அடிப்படையே இந்த விஷயம்தான். ஆளுக்குக் கொஞ்சம் சேமித்து அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. இந்த மாதம் ஒருத்திக்குக் கடன், அவள் திருப்பியதும் இன்னொருத்திக்கு. அதே சின்னப் பணம் கைமாறிக் கைமாறித்தான் ஒரு குழுவுக்கு முதல் ஆனது. குழுவில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், சொந்தத் தொழில் என்று வந்ததும் ஏனோ முதல் வேலையாகப் பணத்தைச் சுவரிலும் இரும்பிலும் போட்டு முடக்கிவிடுகிறோம்.

எப்படி முடங்குகிறது என்று சொல்கிறேன். மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடை. வாடகை நாலாயிரம் என்றால் பத்து மாத அட்வான்ஸ். அங்கேயே நாற்பதாயிரம் போயிற்று. பிறகு புது டில்டிங் கிரைண்டர், கண்ணாடி வைத்த ஃபிரிட்ஜ், ஸ்டீல் ரேக், சாமி படத்துக்கு சீரியல் லைட். திறப்பு விழாவுக்குக் கவுன்சிலர் வருகிறார் என்று ஆளுயர ஃபிளெக்ஸ். (உள்ளே இருக்கும் மாவைவிட வெளியே இருக்கும் ஃபிளெக்ஸுக்குக் கூடுதல் செலவான கடைகள் எனக்குத் தெரியும்.) விழா முடிந்த மறுநாள் காலை அரிசி மூட்டை எடுக்கக் காசில்லை. அந்தச் சமயம் பார்த்துத் தண்டல்காரர் வண்டியில் வந்து இறங்குவார். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது மாவின் கணக்கு. நான் போடும் விலைகள் ஒரு கணக்குக்காக. உங்கள் ஊர் மொத்தக் கடை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நாலு கிலோ இட்லி அரிசி, கிலோ 42 ரூபாய் வீதம் 168. ஒரு கிலோ உளுந்து 125. வெந்தயமும் உப்பும் 7. கரண்டும் தண்ணீரும் 20. இது சுமார் பன்னிரண்டு கிலோ மாவு கொடுக்கும். பன்னிரண்டு கவருக்கு 30 ரூபாய். ஆக ஒரு ஈடு மாவுக்கு 350 ரூபாய் செலவு. கடையில் வாடிக்கையாளர் 50 ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு கிலோவில் கடைக்காரர் தன் பங்காக 8 ரூபாய் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வருவது 42. பன்னிரண்டும் விற்றால் 504. மிச்சம் 154 ரூபாய்.

பன்னிரண்டும் விற்றால்தான் அது. மாவுத் தொழிலில் தினமும் கேட்கும் சொல் ரிட்டர்ன். கடைக்காரர் விற்காத கவரைத் திருப்பிக் கொடுப்பார். பொங்கிப் புளித்துப் போன அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டில் இரண்டே இரண்டு கவர் திரும்பி வந்தால் வரவு 420, மிச்சம் 70. கையில் நின்றிருக்க வேண்டிய 154-இல் பாதிக்கும் மேல் அந்த இரண்டு கவரில் போய்விட்டது. ரிட்டர்ன் என்பது அழுகிய தக்காளி இரண்டைத் தூக்கிப் போடுவது மாதிரி ஒரு சின்ன நஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். செலவுத் தொகை முழுக்கத் திரும்பிய பிறகு கடைசியாக விற்கும் மூன்று நான்கு கவரில்தான் உங்கள் லாபம் மொத்தமும் இருக்கிறது. திரும்பி வருவதும் அந்தக் கவர்கள்தான்.

“அப்ப நிறைய அரைச்சா நிறையக் கிடைக்கும்ல?” என்று ஒரு தங்கை கேட்டாள். மூன்று ஈடு அரைப்போம். முப்பத்தாறு கிலோ, செலவு 1,050. ஈடுக்கு ஒரு கவர் மட்டும் ரிட்டர்ன் என்று நல்லபடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 33 கவருக்கு 1,386 ரூபாய். மிச்சம் 336. இந்த எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலையின் நாட்கூலியாக நிர்ணயித்த தொகை அதேதான். முப்பத்தாறு கிலோ ஊறவைத்து, கழுவி, அரைத்து, அள்ளி, கவரில் நிரப்பி, வண்டியில் கடை கடையாகப் போட்டு, மறுநாள் ரிட்டர்ன் எடுத்து வரும் உழைப்பு மண்வெட்டிக் கூலிக்குத்தான் சமமாகிறது. இதில் கிரைண்டர் தேய்மானம் இல்லை, பெட்ரோல் இல்லை. வாடகைக் கடை இருந்தால் அதற்கும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. “லாபம்” என்று நோட்டில் எழுதுவதற்கு முன்னால் உங்கள் கூலியை ஒரு வரியில் தனியாக எழுதுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எழுதிப் பார்த்தால் பல தொழில்களில் லாபமென்று ஒன்று இருக்காது. கூலி மட்டும் இருக்கும். கூலி கிடைப்பதும் நல்ல விஷயம்தான். கூலியை லாபமென்று நினைத்து அதை நம்பிக் கடன் வாங்குவதில்தான் ஆபத்து.

கடைக்குப் போடாமல் நேரே வீடுகளுக்குக் கொடுத்தால் கணக்கே மாறிவிடும். ஒரு ஈடு, பன்னிரண்டு கிலோ, கிலோ 50 ரூபாய். வரவு 600, மிச்சம் 250. பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் கவர் செலவு போவதால் உங்களுக்கு நட்டமில்லை, அவர்களுக்கும் சந்தோஷம். முக்கியமாக ரிட்டர்ன் கிடையாது. தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, நாளைக்கு யாருக்கு எத்தனை கிலோ என்று இன்று மதியத்துக்குள் கேட்டுவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் அரிசி ஊறவைக்கலாம். ஒரு ஈடை நேரே கொடுத்து 250 ரூபாய் எடுப்பவள், மூன்று ஈடைக் கடைகளுக்குப் போட்டு 336 எடுப்பவளைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறாள். உழைப்பிலும் முதலிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டுச் சம்பாதிக்கிறாள். தொடக்கத்தில் நான் இவள் பக்கம்.

இன்னொன்று, கடைக்குப் போட்டால் பணம் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். மூன்று ஈடு போடுபவளுக்கு நாளுக்கு 1,050 வீதம் ஏழு நாளில் 7,350 ரூபாய் கையை விட்டுப் போன பிறகுதான் முதல் ரூபாய் திரும்பி வரும். “அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்” என்று கடைக்காரர் தள்ளிவிட்டால் பதினாலாயிரத்து எழுநூறு. மாவு நன்றாக விற்கிறது, ஆர்டரும் கூடுகிறது, ஆனாலும் கையில் காசில்லை என்று சொல்லி வருபவர்களின் நோட்டைப் பிரித்தால் எப்போதும் இதுதான் இருக்கும். விற்பனை ஏற ஏற இந்தப் பள்ளமும் ஆழமாகும். ஆகவே புதிதாக ஒரு கடையைப் பிடிக்கும் முன் அந்தக் கடைக்காக எத்தனை ரூபாய் எத்தனை நாள் வெளியில் நிற்கும் என்று எழுதிப் பாருங்கள். அன்றன்று பணம் தரும் சின்னக் கடை, பெயர் பெற்ற பெரிய கடையைவிட மேல். பெரிய கடையில் கவர் இருந்தால் கௌரவம் என்பதெல்லாம் இரண்டாம் வருடக் கதை.

கிரைண்டர் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, நல்ல சாமான்தான், வாங்கத்தான் வேண்டும். முதல் மாதத்தில் அல்ல. வீட்டில் இருக்கும் டேபிள் டாப்பில் இரண்டு மூன்று தடவை போட்டு எடுக்கலாம். வாரத்தில் ஆறு நாளும் கேட்டு வாங்குபவர்கள் இருபது வீடு சேர்ந்த பிறகு பழைய டில்டிங் ஒன்று பாருங்கள். ஹோட்டல் மூடியவர்கள், மாவுக்கடை மூடியவர்கள் விற்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் பழைய ஹோட்டல் சாமான் கடை இருக்கிறது. மோட்டாரை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இருப்பதை வைத்தே தொடங்கியவர்களின் கதை ஒன்று சொல்கிறேன். 1959 மார்ச் 15-ஆம் தேதி, பம்பாய் கிர்காமில் ஒரு குடியிருப்பு மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் உட்கார்ந்து நாலு பாக்கெட் அப்பளம் போட்டார்கள். முதல், கடனாக வாங்கிய 80 ரூபாய். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் எண்பது ரூபாயில் ஆரம்பித்துக் கோடிகளுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு நடுவில் இருப்பதுதான் பிடிக்கும். முதல் வருடம் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நாலு மாதம் தொழிலை நிறுத்தியே வைத்தார்கள். அடுத்த மழைக்கு உலர்த்தும் இயந்திரம் வாங்கவில்லை. ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. தொழில் வளர்ந்த பிறகும் பெரிய கூடம் கட்டி எல்லோரையும் உட்கார வைக்கவில்லை. காலையில் மையத்துக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டிலேயே இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுத்து இடுகூலியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. உறுப்பினர்களின் வீடுகளே தொழிற்சாலை என்பதால் வாடகையில் பணம் முடங்கவில்லை. ஆரம்பத்தில் இவர்களும் உயர்ந்தது ஒன்று, மலிவானது ஒன்று என்று இரண்டு தரத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் கரம்சி பாரேக் என்ற பெரியவர்தான் ஒரே தரத்தில் போடுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். மாவில் அந்த மலிவுத் தரம் எங்கே வரும் தெரியுமா? தண்ணீரில். இன்னும் ஒன்றரைச் சொம்பு ஊற்றினால் பன்னிரண்டு கிலோ பதினாலாகும். மூன்றாம் நாள் தோசைக்கல்லில் அது தெரிந்துவிடும். நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆர்டர் மட்டும் வராது.

சென்னையில் ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் 13,000 ரூபாயோடு ராயபுரத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்ததும் தள்ளுவண்டியில்தான். அருண் ஐஸ்கிரீம் அதிலிருந்து வந்தது. தள்ளுவண்டிக்கு அட்வான்ஸ் இல்லை, கரைவதற்குள் விற்றாக வேண்டும், அன்றைய காசு அன்றே வந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த வண்டி மட்டும்தான். அவருக்குப் பிறகு நடந்ததெல்லாம் நமக்கும் நடக்குமா என்பது வேறு பேச்சு. அதே வருடம் அதே தொகையோடு இறங்கிக் காணாமல் போனவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

சரி, கடனுக்கு வருவோம். கையில் ஒன்றுமே இல்லை, கொஞ்சமாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கே வாங்குவது? குழுவுக்குள் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று மாத வட்டிக்குக் கிடைத்தால் அதுதான் முதல் இடம். அடுத்தது வங்கியில் நகைக்கடன். அடகு வைக்கிறோமே என்று கண் கலங்குகிறவர்கள், அதைவிடப் பல மடங்கு வட்டிக்குத் தண்டல் வாங்கும்போது கலங்குவதில்லை. பத்தாயிரம் ரூபாய்த் தண்டலென்றால் கையில் வருவது 8,500. நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நீங்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள்; ஐம்பதாம் நாளில் உங்களிடம் இருப்பது பாதிப் பணம்தான். மூன்று மாதச் சொச்சத்துக்கு அந்தப் பாதிப் பணத்துக்குத்தான் ஆயிரத்து ஐந்நூறு வட்டி. வருடக் கணக்குக்குக் கொண்டுவந்தால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அநியாய வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தண்டல் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதையே முத்ரா கடனோடு வைத்துப் பாருங்கள். 2015-இல் வந்த திட்டம். சிஷு என்ற முதல் பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கேட்கலாம். 11 சதவீத வட்டி, மூன்று வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 1,640 ரூபாய். நாளுக்கு 55 ரூபாய். அதே ஐம்பதாயிரத்தைத் தண்டலில் எடுத்தால் கையில் 42,500 வரும், நாளுக்கு 500 கட்ட வேண்டும். ஒரு ஈடு மாவில் மிச்சம் 154 என்று மேலே பார்த்தோமே, அதை இந்த 500-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும். வங்கியில் அலைய விடுவார்கள் என்பது உண்மை. கொட்டேஷன், இரண்டு போட்டோ, எதற்கென்று ஒரு பக்கத்தில் எழுதிய கணக்கு இவற்றோடு, ஏற்கெனவே மூன்று மாதம் சின்ன அளவில் விற்றதற்கான நோட்டையும் கொண்டுபோனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதிகாரி உங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டு நோட்டைப் பார்ப்பார். பூ, காய், டிபன் என்று தெருவில் வியாபாரம் செய்பவர்கள் நகராட்சியில் தெருவோர வியாபாரி அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த ஸ்வநிதி கடனுக்கு அதுதான் வாசல்.

வாரக்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டில் நாலு தவணை அட்டை வைத்திருப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும்படி கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வைத்தது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. விதி இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையை அடைக்க இன்னொரு அட்டை வாங்கியிருப்பவர்கள் இப்போதைக்கு எந்தத் தொழிலும் தொடங்காதீர்கள். வரும் வருமானத்தில் முதலில் அதை அடையுங்கள்.

மானியம். இந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து உட்காருகிறீர்கள், எனக்கும் தெரிகிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் உண்டு. உங்கள் கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் அந்த மானியம் உங்கள் கைக்கு வராது. மூன்று வருடம் உங்கள் பெயரில் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால் பிறகு கடனில் கழியும். இதைச் சொல்லாமல், “அக்கா, அஞ்சு லட்சத்துக்கு மெஷின் கொட்டேஷன் நானே தர்றேன், ஒண்ணே முக்கா லட்சம் மானியம்” என்று மெஷின் விற்பவர்கள் கிளம்பி வருவார்கள். எட்டு வீட்டுக்கு மாவு கொடுக்கும் பெண்ணுக்கு ஐந்து லட்சத்து மெஷின் எதற்கு? மானியத்துக்காகத் தொழிலைப் பெரிதாக்கியவர்களின் நோட்டுகளும் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றில் தவணை மட்டும் மாதம் தவறாமல் எழுதியிருக்கும்.

காகித வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தாக வேண்டும். சிறு தொழில்களுக்கு 2011 விதியில் வைத்த கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். உத்யம் பதிவு இலவசம். பிரவுசிங் சென்டரில் ஆயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை மாநிலத்துக்குள் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, அந்தக் கவலை இப்போது வேண்டாம். கவரில் பெயர், முகவரி, எடை, விலை, தேதி இருக்க வேண்டும். மறந்துவிடும் ஒன்று மின்சாரம்: வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்வாரியத்திலிருந்து அபராதம் வரலாம். குடிசை, குறுந்தொழில்களுக்கு 3ஏ1 என்று தனிக் கட்டணம் இருக்கிறது. உங்கள் வேலை அதில் சேருமா என்று பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் கூட்டல் கழித்தல். கடினமானது இனிமேல்தான். பக்கத்து வீட்டு அத்தை பாத்திரத்தோடு வந்து, “கண்ணு, நாளைக்குத் தர்றேன்” என்பாள். அவள்தான் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள். எப்படி இல்லை என்பது? ஆண்கள் கடையில் “கடன் சொல்லாதே” என்று போர்டு மாட்டிவிட்டு அதற்கடியில் உட்கார்ந்துகொள்ளலாம். வீட்டு வாசலில் விற்கும் பெண்ணுக்கு அந்தப் போர்டு மாட்ட இடமில்லை. என்னிடம் இருக்கும் ஒரே யோசனை: முன்பணம். “அத்தை, மாசத்துக்கு நாலு தடவைக்குச் சேர்த்து இப்பவே குடுத்துட்டீங்கன்னா கிலோவுக்கு மூணு ரூபா குறைவு.” கடன் கேட்க வந்தவரிடம் முன்பணம் கேட்பது முதலில் விசித்திரமாக இருக்கும். மாதச் சம்பளக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். பால் கார்டு வாங்கிப் பழகியவர்கள்தானே. ஒரு வீடு முன்பணம் கொடுத்தால் அது வட்டியில்லாத முதல். முப்பது வீடு கொடுத்தால் அரிசிக் கடைக்காரரிடம் ரொக்கம் கொடுத்து விலை பேசலாம். அத்தைக்குக் கடன் கொடுத்தேதான் தீர வேண்டுமென்றால் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் செலவாகவே எழுதிவிடுங்கள். திரும்பி வந்தால் வரவு.

அடுத்தது வீட்டுக்குள். வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை யார் வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது? இதைக் கேட்டால் பல பேர் சிரிக்கிறீர்கள். “அவர் போன்லதாங்க்கா இருக்கு.” உளுந்து ஊறவைப்பது நீங்கள், மூட்டை தூக்குவது நீங்கள், காசு மட்டும் அவர் கணக்குக்குப் போகிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். பெட்ரோலுக்கும் மொய்க்கும் அதிலிருந்து எடுக்கும்போது அது மாவு வாங்கிய காசா, தன் சம்பளமா என்று அவருக்கே தெரியாது. சாயங்காலம் அரிசி வாங்க உங்களுக்குக் காசு வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். முன்பெல்லாம் ரொக்கம் அஞ்சறைப் பெட்டியிலாவது விழுந்தது. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் கணக்கு உங்களில் பலருக்கு உங்கள் பெயரிலேயே இருக்கிறது. கியூஆர் அட்டையை அந்தக் கணக்கோடு இணையுங்கள். போன் உங்களுடையதாக இருக்கட்டும். பெரிய சண்டை எதுவும் வேண்டியதில்லை, “கணக்கு எழுதற அக்கா தனியா இருந்தாத்தான் எழுதுவேங்கிறாங்க” என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

நோட்டு என்றால் பெரிய விஷயமில்லை. தினமும் நாலு வரி: எவ்வளவு அரைத்தேன், எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பியது, வீட்டுக்கு எவ்வளவு எடுத்தேன். நாலாவது வரியை எழுத எல்லோருக்கும் கூச்சம். பிள்ளை பீஸுக்கு எடுத்ததைத் தப்பென்று யாரும் சொல்லவில்லை. எழுதாமல் எடுத்தால் மாத முடிவில் தொழில் நட்டத்தில் போகிறது என்று தவறாக நினைப்பீர்கள். தொழில் நன்றாகத்தான் போயிருக்கும், பீஸ்தான் கூடுதலாக இருந்திருக்கும். மூன்றாவது வரி உங்களுக்கே சில சங்கதிகளைச் சொல்லும். கத்திரி வெயிலில் ரிட்டர்ன் கூடும், கவர் உப்பி வெடிக்கும். மார்கழிக் குளிரில் மாவு பொங்காது. சனிக்கிழமை சாயங்காலம் கேட்பவர்கள் அதிகம், திங்கட்கிழமை குறைவு. வருடம் முழுக்க ஒரே அளவு அரைப்பவள் வருடத்தில் பாதி நாள் வீணாக்கவும் மீதி நாள் இல்லை என்று சொல்லவும்தான் அரைக்கிறாள்.

பக்கத்துத் தெருவில் இன்னொருத்தி மாவு ஆரம்பித்துவிட்டாள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் ஆரம்பித்தபோது உங்களைப் பார்த்துத்தான் அவளும் ஆரம்பித்தாள். ஒருத்தி காலை ஆறு மணிக்குக் கொடுக்கட்டும், ஒருத்தி மாலை ஆறு மணிக்கு. ஒருத்தி கேழ்வரகு, ஆப்பம், அடை என்று போகட்டும். சேர்ந்து அரிசி எடுத்தால் மூட்டை விலைக்குக் கிடைக்கும். இதைக் கூட்டத்தில் பேசி முடிப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதை ஆரம்பிப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எந்தத் தொகை போனால் நிறுத்துவது? பதினைந்தாயிரமா, இருபதா? தொழில் தொடங்கிய பிறகு இந்தக் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், தை பிறக்கட்டும், கத்திரி போகட்டும் என்று மனசு சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் முன்பே எழுதி, குழுத் தலைவியிடம் கொடுத்துவிடுங்கள். அந்தத் தொகை போன அன்று அவர் வந்து கேட்கட்டும். நிறுத்திவிட்டால் அவமானம் ஒன்றுமில்லை. அரிசி வீட்டுக்கு ஆகும். கவரை இன்னொருத்திக்குக் கொடுத்துவிடலாம். பழைய கிரைண்டராக வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே போகும். புதிதாக வாங்கியிருந்தால் பாதி விலைதான் கிடைக்கும், அதையும் அதே பழைய சாமான் கடைக்காரர்தான் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்கா